ஏற்காடு இறங்கும்போது ஸ்டியரிங் உதறுகிறது: எர்டிகாவுக்கு பிரேக் பேடு மட்டும் போதுமா, டிஸ்க்கும் மாற்ற வேண்டுமா?

அழகாபுரம் எர்டிகா:

வணக்கம். எங்களுடையது 2019 மாடல் எர்டிகா, பெட்ரோல், மேனுவல் கியர். மனைவியின் பிறந்த வீடு ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம். அதனால் அடிக்கடி மலை ஏறி இறங்குகிற வண்டி. பெரும்பாலும் ஆறு பேர். திரும்பும்போது மிளகு, ஆரஞ்சு, பலாப்பழம் என்று டிக்கி நிறையச் சுமை.

டவுனுக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. மலை இறங்கும்போது பாதிக்கு மேல் வந்ததும் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது, மிதியும் காலடியில் துடிக்கிறது. அடிவாரத்தில் நிறுத்தினால் முன் சக்கரத்திலிருந்து கருகல் வாடை. ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றாமலேயே "பேடு, டிஸ்க் ரெண்டையும் மாத்திடலாம் சார்" என்றார்கள். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, பேடு அதை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். வேறொரு கடையில் துளை போட்ட டிஸ்க்கும் செராமிக் பேடும் போட்டால் மலைக்கு நல்லது என்கிறார்கள். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. குழந்தைகளும் வயதானவர்களும் போகிற வண்டி, செலவுக்குத் தயங்கவில்லை. எதற்குச் செலவழிக்கிறோம் என்று புரிந்து செய்ய நினைக்கிறேன். தொழில் தெரிந்தவர்களும் மலைப்பாதையில் தினம் ஓட்டுகிறவர்களும் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:

சார், சக்கரத்தைக் கழற்றாமல் டிஸ்க் மாற்றச் சொன்னால் நம்ப வேண்டாம். அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

டிஸ்க்கின் தடிமனை மைக்ரோமீட்டரால் எடுக்க வேண்டும். சுற்றிலும் எட்டு இடத்தில், ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி. சாதாரண வெர்னியரைக் குறுக்கே வைத்தால் தேயாமல் நிற்கிற வெளி விளிம்பைத்தான் அது அளக்கும், டிஸ்க் நன்றாக இருப்பதுபோல் காட்டிவிடும். இதற்குக் கீழே போகக் கூடாது என்கிற தடிமன் டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ பொறித்திருக்கும். துருவைத் தேய்த்துவிட்டுப் பாருங்கள்.

அப்புறம் அந்த எட்டு அளவுகளுக்குள் உள்ள வித்தியாசம். 0.02 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தாலே மிதியில் துடிப்பு தெரியும். கண்ணுக்கோ விரலுக்கோ தெரியாத அளவு அது.

கடைசியாக டயல் கேஜ் வைத்து, டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். பொதுவாக 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், 0.05க்குள் இருந்தால் நல்லது. ஆடினால் உடனே டிஸ்க்கைக் குறை சொல்லிவிடக் கூடாது. ஹப் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டியிருக்கும் நடுப்பாகம்) முகத்தில் துரு படிந்து அதன் மேல் டிஸ்க் உட்கார்ந்தாலும் ஆடும். வீல் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் ஒரு பக்கமாக இறுக்கினாலும் ஆடும். எங்களிடம் "டிஸ்க் வளைஞ்சிருச்சு, சீவிக் கொடுங்க" என்று வருவதில் நிறைய வண்டிகளில் டிஸ்க் வளைந்தே இருக்காது. பேடின் பொருள் ஓரிடத்தில் திட்டாகப் படிந்திருக்கும், இல்லையென்றால் தேய்மானம் சீராக இருக்காது. காரணத்தைச் சரிசெய்யாமல் புது டிஸ்க் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே உதறல் திரும்ப வரும்.

சங்ககிரி டீசல்:

எந்த கியரில் இறங்குகிறீர்கள்?

அழகாபுரம் எர்டிகா:

பெரும்பாலும் மூன்றாவது, நேர் ரோட்டில் சில சமயம் நான்காவது. கொண்டை ஊசி வளைவில் மட்டும் இரண்டாவது.

சங்ககிரி டீசல்:

வாடைக்குப் பாதிக் காரணம் அதுதான் அண்ணா. ஆறு பேரும் சுமையும் இருந்தால் எர்டிகாவுக்கு இரண்டாவது கியர், வளைவில் மட்டும் இல்லாமல் நேரிலும். ஏறும்போது எந்த கியரில் இழுத்ததோ அதே கியரில் இறக்குவதுதான் லாரிக்காரர்கள் காலகாலமாக வைத்திருக்கிற கணக்கு. தொப்பூர் இறக்கத்தில் தர்மபுரி பக்கமிருந்து வருகிற வண்டிகள் எத்தனை மோதியிருக்கின்றன என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே டாப் கியரில் பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் கீழே வருவதற்குள் லைனர் (லாரி பிரேக்கின் உராய்வுப் பட்டை) காய்ந்து பிடிப்பு போய்விடும்.

பிரேக்கை லேசாக மிதித்தபடியே வராதீர்கள். வேகம் கூடியதும் அழுத்தி மிதித்து நன்றாகக் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க்குக் காற்று கிடைக்கும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் சாவியை அணைப்பதும் கூடவே கூடாது. இஞ்சின் அணைந்தால் மிதிக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு மிதி கல்லாகிவிடும். இன்றைய இஞ்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டி கியரில் இறங்கும்போது எரிபொருளைத் தானே நிறுத்திக்கொள்ளும், நியூட்ரலில் விட்டு மிச்சப்படுத்த ஒன்றும் இல்லை.

உருக்காலை ஓய்வு:

இதை எண்களில் பார்த்தால் எந்தப் பாகம் வாங்குவது என்பதும் தெளிவாகும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆக இறக்கம் ஏறத்தாழ 1,200 மீட்டர். ஆட்களும் சுமையும் சேர்த்து வண்டி 1,600 கிலோ என்று கொள்வோம். எடை, 9.8, உயரம் மூன்றையும் பெருக்கினால் 1.88 கோடி ஜூல் வருகிறது. இவ்வளவு ஆற்றலும் எங்கேயாவது வெப்பமாகப் போயாக வேண்டும். காற்றுத் தடையும் டயர் உராய்வும் இஞ்சினும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் முழுக்க பிரேக்கில்தான்.

முன் டிஸ்க் இரண்டும் சேர்ந்து பத்து கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ வார்ப்பிரும்பு ஒரு டிகிரி சூடேற சுமார் 460 ஜூல் வேண்டும். மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு மட்டும், ஆறுவதற்கு நேரமே இல்லாமல், அந்தப் பத்து கிலோவுக்குள் போனால் வெப்பம் 400 டிகிரி ஏறும். நிஜத்தில் காற்று தொடர்ந்து ஆற்றுகிறது, அதனால்தான் நாம் பிழைக்கிறோம். இரண்டாவது கியரில் வந்தால் இஞ்சின் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். நான்காவதில் வந்தால் அந்தப் பங்கும் டிஸ்க் தலையில் விழும்.

இதிலிருந்து இரண்டு விஷயம். டிஸ்க் என்பது வெப்பத்தைத் தாங்கி வைக்கும் இரும்பு. தேய்ந்து மெலிந்த டிஸ்க்கில் இரும்பு குறைவு, அதே இறக்கத்தில் கூடுதலாகச் சூடேறும். ஆகவே அந்தக் குறைந்தபட்சத் தடிமனை மலை வண்டிக்காரர்கள் எல்லையாக நினைக்காமல், அதற்கு நன்றாக முன்பே மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. அடுத்தது, துளை போட்ட டிஸ்க். துளை போட்டால் இருக்கிற இரும்பும் குறைகிறது, துளை ஓரத்தில் விரிசல் தொடங்க இடமும் கிடைக்கிறது. பேடிலிருந்து வாயு அதிகம் கிளம்பிய காலத்தில் அதற்கு ஒரு பயன் இருந்தது. குடும்ப வண்டிக்குத் துளையில்லாத, நடுவில் காற்றுக் கால்வாய் உள்ள, கம்பெனி அளவு டிஸ்க் போதும். எர்டிகாவின் முன் டிஸ்க் அப்படிப்பட்டதுதான்.

அழகாபுரம் எர்டிகா:

மிக்க நன்றி சார், இப்படி யாரும் சொன்னதில்லை. ஒரு துணைக் கேள்வி. துருப்பிடிக்காத ஸ்டீலில் டிஸ்க் கிடைக்குமா? பைக்குக்கெல்லாம் அப்படித்தானே வருகிறது. மழைக்காலத்தில் நம் டிஸ்க் ஒரே இரவில் சிவந்துவிடுகிறது.

உருக்காலை ஓய்வு:

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலை உள்ள சேலத்துக்காரரே கேட்கிறீர்கள், சொல்கிறேன். பைக் டிஸ்க் வெளியே தெரிகிறது, மெல்லியது, வெப்பமும் குறைவு; அதற்கு ஸ்டெயின்லெஸ் பொருந்தும். காருக்குச் சாம்பல் வார்ப்பிரும்புதான் சரி. அதற்குள் கிராஃபைட் செதில் செதிலாக இருக்கிறது. வெப்பத்தை வேகமாகக் கடத்துவதும் அதிர்வையும் கிரீச் சத்தத்தையும் விழுங்குவதும் அந்தச் செதில்கள்தான். பிரேக்குக்குப் பயன்படுகிற ஸ்டெயின்லெஸ் வகை ஏறக்குறைய பாதி வெப்பத்தைத்தான் கடத்தும். இரவில் வருகிற மேல் துரு காலையில் இரண்டு மிதியில் போய்விடும், பயமில்லை. நடுக்கிண்ணமும் ஓரமும் துருப்பிடிக்காதபடி பூச்சு பூசிய டிஸ்க்குகள் கிடைக்கின்றன. கூடுதல் விலை சிறிதாக இருந்தால் வாங்கலாம்.

ஏற்காடு காப்பித்தோட்டம்:

நான் மேலேயே இருக்கிறேன். தினமும் இல்லாவிட்டாலும் வாரத்தில் பல நாள் இந்த இருபது கொண்டை ஊசி வளைவும் எனக்கு வேலை. பேடு விஷயத்தில் என் அனுபவம் சொல்கிறேன்.

பேடில் மூன்று வகை நம் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கிறது. ஆர்கானிக் வகை மென்மையானது, சத்தம் இல்லை, டிஸ்க்கைத் தின்னாது, டவுனுக்கு நல்லது. ஆனால் சூடேறினால் பிடிப்பு சீக்கிரம் இறங்கும். இரும்புத் தூளும் நாரும் கலந்த செமி மெட்டாலிக் சூட்டில் நன்றாக நிற்கும். சக்கரம் கறுப்பாகும், காலையில் கொஞ்சம் சத்தம் போடும், டிஸ்க்கும் சற்று வேகமாகத் தேயும். செராமிக் தூசு குறைவு, சத்தம் குறைவு, தேய்மானமும் குறைவு. அதன் பெருமையெல்லாம் சுத்தத்தில்தான். மலை இறக்கத்துக்கென்று அதில் தனிச் சிறப்பு எனக்குத் தெரியவில்லை. என் வண்டிக்குச் செமி மெட்டாலிக்தான், மாற்றும் எண்ணம் இல்லை.

அஸ்தம்பட்டி டீச்சர்:

செராமிக்கை அப்படி ஒதுக்க வேண்டாம் சார். நான் போட்டிருக்கிறேன், மலையும் இறங்குகிறேன், இரண்டாவது கியரில். ஒரு குறையும் இல்லை. தரத்துக்குத் தரம் வித்தியாசம் இருக்கிறது. பெட்டியில் செராமிக் என்று எழுதிய எல்லாமும் ஒரே பொருள் இல்லை.

ஏற்காடு காப்பித்தோட்டம்:

அது உண்மைதான் டீச்சர். நல்ல கம்பெனி செராமிக், மட்டமான செமி மெட்டாலிக்கை விட நிச்சயம் மேல். கியரில் இறங்குகிறவர்களுக்கு எதுவும் தாங்கும். ஆறு பேரோடு இறங்குகிற வண்டிக்கு பாதுகாப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:

வகைப் பெயரை விட்டுவிட்டுப் பேடின் ஓரத்தில் அச்சிட்ட குறியைப் பாருங்கள். பல பேடுகளில் கடைசியில் இரண்டு எழுத்து இருக்கும்: எஃப் எஃப், ஜி எஃப், ஜி ஜி என்று. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடிப்பு, இரண்டாவது மிகுந்த சூட்டில் பிடிப்பு. இ என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. மலைக்கு வாங்கும்போது இரண்டாவது எழுத்துதான் முக்கியம். எஃப் இ என்றிருந்தால் சூட்டில் இறங்குகிறது என்று அர்த்தம், நான் வாங்க மாட்டேன். எஃப் எஃப் போதும். இந்தக் குறி தேய்மானத்தையோ சத்தத்தையோ பற்றி ஒன்றும் சொல்லாது, அதையும் மனதில் வையுங்கள். முன்பக்கம் மட்டும் ஜி ஜி போட்டு ஆவேசமாகப் பிடிக்க வைப்பதும் வேண்டாம். பின்னால் டிரம் (உருளைக்குள் பிடிக்கும் பிரேக்), முன்னும் பின்னும் பங்கு போடுவதைக் கம்பெனி ஒரு கணக்கில் வைத்திருக்கிறது.

கம்பெனி என்று பார்த்தால் மாருதியின் சொந்தப் பெட்டியே முதல் தேர்வு. பிரேக்ஸ் இந்தியா, ரானே, பாஷ், பிரெம்போ இவற்றில் உங்கள் வண்டிக்கான பார்ட் நம்பர் இருந்தால் அதுவும் தாராளமாக வாங்கலாம். பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். சேசிஸ் நம்பர் கொடுத்து பார்ட் நம்பர் எடுங்கள். ஒரே பெயரில் வருடத்துக்கு வருடம் அளவு மாறும். டூப்ளிகேட்டும் நிறைய ஓடுகிறது. பெட்டியில் ஹோலோகிராம், எம்ஆர்பி, தயாரித்த மாதம் பார்த்து பில்லோடு வாங்குங்கள். பில் தராத கடையில் பிரேக் பாகம் வேண்டாம்.

அழகாபுரம் எர்டிகா:

அளந்தாயிற்று. செவ்வாய்ப்பேட்டை அண்ணன் சொன்ன மாதிரியே எட்டு இடத்தில்.

இடது டிஸ்க் குறைந்தபட்சத்தை விட அரை மில்லிதான் கூடுதல், வலது சற்றுப் பரவாயில்லை. இடதில் ஏற்ற இறக்கம் 0.03 இருக்கிறது. அங்கங்கே நீலத் திட்டும் தெரிகிறது. ஹப்பில் நல்ல துரு. இன்னொன்றும் கண்டுபிடித்தோம்: இடது பக்க உள் பேடு கிட்டத்தட்ட இரும்புத் தகடு வரை தேய்ந்துவிட்டது, வெளிப் பேடில் பாதி மிச்சம் இருக்கிறது. லேத்தில் சீவிவிட்டுப் பேடு மட்டும் மாற்றினால் போதும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். என்ன செய்வது?

செவ்வாய்ப்பேட்டை லேத்:

சீவுவது என் பிழைப்பு, ஆனாலும் இதைச் சீவ வேண்டாம் என்றுதான் சொல்வேன். இருப்பதே அரை மில்லி. சீவிய பிறகு அளவு எல்லைக்கு வந்துவிடும், அதற்கப்புறம் தேய இடமில்லை. இரண்டு பக்கமும் சேர்த்துப் புது டிஸ்க் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

உருக்காலை ஓய்வு:

நீலத் திட்டு இருந்தாலும் சீவக் கூடாது. அந்த இடத்தில் வெப்பம் எல்லை மீறி வார்ப்பிரும்பின் உள்ளமைப்பே மாறிக் கெட்டியாகியிருக்கும். மேலே சீவினாலும் அடியில் கெட்டிப் புள்ளி நிற்கும். மற்ற இடம் தேயும், அது தேயாது, உதறல் திரும்பும்.

சங்ககிரி டீசல்:

உள் பேடு மட்டும் தேய்ந்தது என்றால் காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பிடி) சரியாக நகரவில்லை. அது நகர்கிற கைடு பின் இறுகியிருக்கும் அல்லது பேடைத் தள்ளுகிற பிஸ்டன் முழுதாகத் திரும்பவில்லை. இதைப் பார்க்காமல் புது டிஸ்க், புது பேடு போட்டால் காசு வீண். பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கிற சிலிகான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். பேரிங் கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். பிஸ்டனின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் ரப்பர் கிட் முழுதும் மாற்றியே ஆக வேண்டும்.

அஸ்தம்பட்டி டீச்சர்:

பிரேக் ஆயிலை யாரும் சொல்லவில்லையே. இவ்வளவு சூடு கணக்குப் போட்ட பிறகு அதை விடலாமா?

உருக்காலை ஓய்வு:

விடக் கூடாதுதான் டீச்சர், நல்ல வேளை நினைவூட்டினீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3, டாட் 4 என்பவை ஆயிலின் தர வகைகள். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கிவிடும். டாட் 4 புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. ஏற்காட்டின் மூடுபனிக்கும் மழைக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றுவது அவசியம். டாட் 3 சொன்ன வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 சிலிகான் வகை, அதை மட்டும் கலந்துவிடாதீர்கள்.

மலையில் பிரேக் குறைந்தால் எதனால் என்று மிதியே சொல்லும். மிதி கெட்டியாக இருந்து வண்டி நிற்க மறுத்தால் பேடு சூடாகிவிட்டது. மிதி பஞ்சாகி உள்ளே போனால் ஆயில் கொதித்து ஆவி வந்துவிட்டது. இரண்டாவதுதான் கூடுதல் ஆபத்து. வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்து அழுத்தம் ஏற்றி, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து ஓரம் கட்ட வேண்டும்.

அழகாபுரம் எர்டிகா:

சரி, முடிவு செய்துவிட்டேன். முன் டிஸ்க் இரண்டு, எஃப் எஃப் குறியுள்ள செமி மெட்டாலிக் பேடு, கைடு பின் சர்வீஸ், ஆயில் மாற்றம். பின்பக்க டிரம்மும் திறந்து உள்ளே பிடிக்கும் ஷூ பார்க்கச் சொல்கிறேன். மாட்டும்போது நான் பக்கத்தில் நின்று எதைக் கவனிக்க வேண்டும்?

செவ்வாய்ப்பேட்டை லேத்:

ஹப் முகத்தைக் கம்பி பிரஷால் பளபளவென்று துடைத்த பிறகே டிஸ்க்கை ஏற்றச் சொல்லுங்கள். புது டிஸ்க்கில் துருக்காப்பு எண்ணெய் பூசியிருக்கும். அதை பிரேக் கிளீனரால் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பேடு எண்ணெய் குடித்துக் கெட்டுவிடும். பழைய பேடின் தூளைக் காற்றடித்து ஊத விடாதீர்கள், ஈரத் துணியால் துடைக்கட்டும். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், மூச்சுக்குள் போகக் கூடாது. கிளிப் புதிது போட வேண்டும். வீல் நட்டை நட்சத்திர வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், மேனுவலில் சொன்ன அளவுக்கு. கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே மிதி கெட்டியாகும் வரை அழுத்துங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி தரை வரை போகும்.

ஏற்காடு காப்பித்தோட்டம்:

புது பேடு போட்ட அன்றே மலைக்குக் கிளம்பி விடாதீர்கள். புது பேடில் உள்ள பிசின் முதல் பெருஞ்சூட்டில் வாயுவாகக் கிளம்பிப் பிடிப்பைக் குறைக்கும். விடியற்காலையில் ஆளில்லாத நேர் ரோட்டில், அறுபதிலிருந்து பத்து வரை நிதானமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாமல். எட்டு, பத்து முறை. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். முடிந்ததும் மிதியை அழுத்தியபடி நிற்காதீர்கள். சூடான பேடு நின்ற இடத்தில் டிஸ்க்கில் ஒட்டித் திட்டாகும், உங்கள் பழைய உதறல் தொடங்கியது அப்படித்தான் இருக்கும். அதற்குப் பிறகு முதல் சில நூறு கிலோமீட்டர் டவுனிலேயே ஓட்டுங்கள்.

அஸ்தம்பட்டி டீச்சர்:

எனக்கும் ஒரு கேள்வி. என் வண்டி வேகன் ஆர், ஏஜிஎஸ் (தானாக கியர் மாறும் வகை). டி யில் வைத்தால் இறக்கத்தில் தானாக மேல் கியருக்குப் போகிறது. நான் எம் வைத்து இரண்டில் நிறுத்திக்கொள்கிறேன். அதனால் இஞ்சினுக்குக் கேடு வருமா? சத்தம் அதிகமாகக் கேட்கிறது.

சங்ககிரி டீசல்:

கேடு இல்லை டீச்சர், அதுதான் சரியான முறை. முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும் வரை இஞ்சின் அதைத் தாங்கும். சத்தம் வருகிறதே என்று மேல் கியருக்குத் தள்ளாதீர்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட நிற்க வேண்டி வந்தால் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அழகாபுரம் எர்டிகா:

வேலை முடிந்தது. கைடு பின்னில் ஒன்று முழுக்கத் துருப்பிடித்து இறுகியிருந்தது, அதை மாற்றினோம். பேடைப் பழக்கிவிட்டு, டவுனில் ஓட்டிவிட்டு, பிறகுதான் நாகலூர் போனோம். இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். உதறல் இல்லை, வாடையும் இல்லை. காலையில் முதல் மிதிக்கு லேசாகச் சத்தம் வருகிறது, காப்பித்தோட்டம் சார் சொன்னதுதான்.

இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். வழியில் சிலர் புகை வருகிற சக்கரத்தில் குடத்துத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அவசரத்துக்கு அப்படிச் செய்யலாமா?

உருக்காலை ஓய்வு:

கூடாது. சிவக்கச் சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் ஒரு பக்கம் சுருங்கும், மறு பக்கம் சுருங்காது. விரிசல் விடும் அல்லது கோணும். அகலமான ஓரம் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, அரை மணி நேரம் காற்றில் ஆற விடுங்கள். கிளம்பும்போது மிதி பழையபடி கெட்டியாக இருக்கிறதா என்று நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டு முதல் கியரில் இறக்குங்கள். பஞ்சாக இருந்தால் இறக்க வேண்டாம், மெக்கானிக்கை மேலே வரவழையுங்கள்.